அலைக் கணக்கைத் துண்டு போடுவது எப்படி: மூளையின் மைக்ரோவேவ் படமும் ஃப்ரீஃபெம்மும்

பக்கவாதம் இரண்டு வகை. ரத்தக் குழாயில் அடைப்பு, அல்லது குழாய் வெடித்துக் கசிவு. அடைப்பு என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். கசிவு உள்ளவருக்கு அதே மருந்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சிடி, எம்ஆர்ஐ இயந்திரங்களை ஆம்புலன்ஸுக்குள் வைப்பதும் எளிதல்ல. வியன்னாவைச் சேர்ந்த ஈஎம்டென்சர் நிறுவனம் இதற்காக ஒரு மைக்ரோவேவ் கருவியை வடிவமைத்தது. அதன் அளவீடுகளைப் படமாக்கும் கணக்கைப் பாரிஸ், நீஸ் முதலிய பிரெஞ்சு நகரங்களின் ஆய்வுக் குழுக்கள் மெடிமாக்ஸ் என்ற திட்டத்தில் எடுத்துக்கொண்டன. 2015இல் புல்–ஜோசஃப் ஃபூரியே பரிசு பெற்ற இந்த வேலை, முழுக்கத் திறமூல மென்பொருளில் செய்யப்பட்டது: இயற்பியல் சமன்பாடுகளை எண்முறையில் தீர்க்கும் ஃப்ரீஃபெம், அதனுடன் பெரிய கணக்கைத் துண்டாக்கித் தீர்க்கும் ஹெச்பிடிடிஎம் நூலகம்.

டொமைன் டீகம்போசிஷன், அதாவது ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தீர்த்து ஒட்டுவது, அலைக் கணக்குகளில் எங்கே சறுக்கும், எங்கே நிற்கும் என்பதைப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

கருவியும் கணக்கும்

உலோக உருளை ஒன்று. விட்டம் 28.5 செ.மீ., உயரம் ஏறத்தாழ அதே அளவு. சுற்றிலும் 5 வளையங்கள், வளையத்துக்கு 32 ஆண்டெனா, ஆக 160. ஒவ்வொன்றும் பீங்கான் அடைத்த சிறு செவ்வக அலைவழி. தலையை உள்ளே வைத்து, இடைவெளியை ஒரு ஜெல்லால் நிரப்புகிறார்கள். அலைவரிசை 1 கிகாஹெர்ட்ஸ் அளவில். ஒரு ஆண்டெனா அலையை அனுப்ப, மற்றவை வாங்கும். பிறகு அடுத்த ஆண்டெனா அனுப்பும். கடைசியில் கையில் கிடைப்பது 160-க்கு 160 சிக்கலெண் அட்டவணை.

ஜெல்லின் ஒப்பு மின்கடவுத்திறன், அதாவது மின்புலம் அந்தப் பொருளில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் எண், 44 − 20i. இந்த ஒரு எண்ணைப் பிரித்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். அதன் வர்க்கமூலம் சுமார் 6.8 − 1.47i. காற்றில் 30 செ.மீ. நீளமுள்ள அலை ஜெல்லில் 30 ÷ 6.8, அதாவது சுமார் 4.4 செ.மீ. ஆகச் சுருங்குகிறது. உருளையின் குறுக்கே ஆறரை அலைநீளம். கற்பனைப் பகுதி 1.47 என்பது இழப்பு: ஒரு அலைநீளம் நடந்ததும் வீச்சு கால்வாசிக்கு இறங்கிவிடும். உருளையை முழுக்கக் கடந்து எதிர்ச் சுவரைத் தொடும்போது 6,500-இல் ஒரு பங்கு மிச்சம். டெசிபலில் 76 குறைவு. இந்த இழப்பு அளவெடுப்பவருக்குத் தலைவலி. கணக்குப் போடுபவருக்கோ வரப்பிரசாதம். ஏன் என்பது பின்னால் வரும்.

தீர்க்க வேண்டியது மேக்ஸ்வெல் சமன்பாடு, ஒரே அலைவரிசையில். உலோகச் சுவரில் மின்புலத்தின் தொடுகூறு பூஜ்யம். ஒவ்வொரு அலைவழியின் வாயிலும் இம்பீடன்ஸ் நிபந்தனை, அதாவது வெளியேறும் அலையைத் திருப்பாமல் விடும் எல்லை விதி; அனுப்பும் ஆண்டெனாவின் வாயில் மட்டும் வலப்பக்கத்தில் டிஇ10 மோடு, அதாவது செவ்வக அலைவழியின் அடிப்படை அலை வடிவம், வரும், மற்ற 159 வாயில்களிலும் பூஜ்யம். ஆகவே கணினி தீர்க்கும் சமன்பாட்டுத் தொகுதியில் மேட்ரிக்ஸ் ஒன்று, வலப்பக்கங்கள் 160. அலைவழி வாயிலில் போட வேண்டியது அந்த மோடின் பரவல் மாறிலி, திறந்தவெளி அலை எண் அல்ல. அலைவழியின் அகலம் அதற்குள் நுழைவதால் இரண்டும் வேறு. இதை மாற்றிப் போட்டால் ஆண்டெனாவே தன் அலையைத் திருப்பி அனுப்பத் தொடங்கும். ஜெல் மட்டும் நிரப்பிய வெற்று உருளையில் எடுத்த அளவீட்டோடு ஒப்பிட்டால் பிழை உடனே தெரியும். தலையை மாடலுக்குள் கொண்டுவருவதற்கு முன் அந்த வெற்று ஒப்பீட்டை முடித்துவிட வேண்டும்.

மெஷ்: எத்தனை மாறிகள்?

உருளையின் கன அளவைக் கன அலைநீளத்தால் வகுத்தால் சுமார் 208 வருகிறது. உருளையைச் சிறு நான்முகிகளாக வெட்டிய வலைதான் மெஷ். நான்முகியின் விளிம்பு அலைநீளத்தில் பத்தில் ஒன்று என்று வைத்தால் ஏறத்தாழ 17.7 லட்சம் நான்முகிகள். மின்புலத்தை விளிம்புகளின் வழியே விவரிக்கும் முதல்படி நெடெலெக் எலிமெண்டில் விளிம்புக்கு ஒரு மாறி. நான்முகிக்குச் சராசரி 1.2 விளிம்பு. ஆக, சுமார் 21 லட்சம் மாறிகள். இருபதில் ஒன்று என்றால் எட்டு மடங்கு, 1.7 கோடி.

“அலைநீளத்துக்குப் பத்துப் புள்ளி போதும்” என்ற வாய்பாட்டை நம்பி இறங்குபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மெஷ்ஷில் ஓடும் அலை உண்மையான அலையைவிடச் சற்றே வேறு வேகத்தில் ஓடும். ஒரு பரிமாணக் கணக்குப்படி முதல்படி எலிமெண்டில் இந்தப் பிழை அலைநீளத்துக்கு 1.6 சதவீதம். ஒரு அலைநீளத்தில் பெரிதாகத் தெரியாது. ஆறரை அலைநீளம் சேர்ந்தால் கட்டம் 38 டிகிரி பிசகுகிறது. மெஷ்ஷை இருமடங்கு நுணுக்கி 1.7 கோடி மாறிகளுக்குப் போனாலும் 10 டிகிரி அளவுக்குத்தான் இறங்கும். இரண்டாம்படி எலிமெண்ட் எடுத்துக்கொண்டு, விளிம்பை அலைநீளத்தில் ஐந்தில் ஒன்றாகவே விட்டால் மாறிகள் 14 லட்சம். பிழை 4 டிகிரி. பத்தில் ஒன்று, 1.1 கோடி மாறிகள் என்றால் கால் டிகிரி. ஒரு பரிமாணத்தில் போட்ட மதிப்பீடு என்பதால் டிகிரிகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், விகிதம்தான் முக்கியம். மெஷ்ஷை நுணுக்குவதற்கு முன் படியை உயர்த்துங்கள். ஃப்ரீஃபெம்மில் இது எட்ஜ்03டி என்ற இடத்தில் எட்ஜ்13டி என்று எழுதும் வேலைதான்.

ஏன் துண்டு போட வேண்டும்?

மேட்ரிக்ஸைக் காரணிகளாகப் பிரித்து ஒரேயடியாகத் தீர்க்கும் நேரடித் தீர்வி, எடுத்துக்காட்டாக மம்ப்ஸ், 160 வலப்பக்கத்துக்குப் பொருத்தமானதுதான்: ஒரு முறை காரணிப்படுத்தினால் போதும், பிறகு ஒவ்வொன்றும் மலிவு. ஆனால் முப்பரிமாணத்தில் மாறிகள் எட்டு மடங்கானால் நினைவகம் 16 மடங்கும் வேலை 64 மடங்கும் ஏறும். போதாததற்குப் படம் எடுக்கும் கணக்கு ஒரு தலைகீழ்க் கணக்கு. தலைக்குள் இருக்கும் மின்கடவுத்திறனை ஊகித்து, தீர்த்து, அளவீட்டோடு ஒப்பிட்டு, திருத்தி, மறுபடி தீர்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மேட்ரிக்ஸ் மாறும். ஒவ்வொரு சுற்றிலும் புதுக் காரணிப்படுத்தல்.

இன்னொரு பக்கம், ஓர் ஊகத்தைச் சுற்றுக்குச் சுற்று திருத்திக்கொண்டே போகும் ஜிஎம்ரெஸ் போன்ற சுற்றுமுறைத் தீர்விகள் அலைச் சமன்பாட்டில் உதவியில்லாமல் நகரவே நகராது. வெப்பப் பரவலுக்குக் கைகொடுக்கும் மல்டிகிரிட் முதலான உத்திகள் இங்கே கைவிடும். இரண்டுக்கும் நடுவழி: உருளையை மெட்டிஸ் அல்லது ஸ்காட்ச் என்ற பிரிப்பு மென்பொருள் கொண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் மம்ப்ஸால் நேரடியாகத் தீர்த்து, அந்தத் துண்டுத் தீர்வுகளின் கூட்டை ஜிஎம்ரெஸ்ஸுக்கு ப்ரீகண்டிஷனராகக் கொடுப்பது, அதாவது சுற்றுகளைக் குறைக்கும் தோராயத் தீர்வாக.

எல்லையில் என்ன எழுதுகிறோம்?

துண்டு போட்டதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செயற்கை எல்லை பிறக்கிறது. அங்கே எழுதும் நிபந்தனைதான் இந்த முறையின் உயிர்நாடி.

ஜெர்மன் கணிதவியலர் ஷ்வார்ஸ் 1870இல் சொன்ன மூல முறையில், பக்கத்துத் துண்டின் மதிப்பை எல்லையில் அப்படியே பொருத்துவார்கள். இழப்பில்லாத அலைக்கு இதைச் செய்து பாருங்கள். இரு பரிமாணத்தில், பக்கம் சரியாக 5 அலைநீளம் உள்ள ஒரு சதுரத் துண்டு. நாலு எல்லையிலும் மதிப்பு நிலைத்துவிட்டது. இந்தப் பெட்டியில் ஒரு பக்கம் 8 அரையலை, மறுபக்கம் 6 அரையலை கொண்ட நிலையலை தானாகவே நிற்க முடியும்: 64 + 36 = 100, அது 5 அலைநீளத்தில் உள்ள 10 அரையலையின் வர்க்கம். அதாவது துண்டின் மேட்ரிக்ஸுக்கு நேர்மாறே இல்லை. முழுக் கணக்கில் எந்தக் கோளாறும் கிடையாது. நாம் போட்ட வேலிதான் துண்டை மணியாக்கி ஒலிக்க வைத்தது. நடைமுறையில் மெஷ் பிழை காரணமாக மேட்ரிக்ஸ் சரியாகப் பூஜ்யத்தில் உட்காராது, அருகில் உட்காரும். அது இன்னும் மோசம்: தீர்வி பிழை எதுவும் சொல்லாமல் மிகப் பெரிய எண்களைத் திருப்பித் தரும். துண்டுகளின் எண்ணிக்கையை 64இலிருந்து 65 ஆக்கினால் சுற்றுகள் திடீரென்று இருமடங்காவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பிரெஞ்சுக் கணிதவியலர் டெப்ரே 1990களின் தொடக்கத்தில் காட்டிய வழி, எல்லையில் மதிப்புக்குப் பதில் இம்பீடன்ஸ் நிபந்தனை: வெளியேறும் அலையை வெளியேற விடு. துண்டு இனி மூடிய பெட்டி அல்ல, நிலையலைக்கு இடமில்லை. எல்லையை நேர்குத்தாகத் தாக்கும் அலை துளிகூடத் திரும்பாது. சாய்ந்து வரும் அலையில் திரும்பும் பங்கு (1 − கொசைன்) ÷ (1 + கொசைன்), கோணத்தைச் செங்குத்திலிருந்து அளந்தால். 30 டிகிரியில் 7 சதவீதம், 45இல் 17, 60இல் 33, 80இல் 70. எல்லையை உரசிக்கொண்டு போகும் அலை ஏறக்குறைய முழுதாகத் திரும்பும். பரவாமல் எல்லையோரம் ஒட்டித் தேயும் அலைகளுக்கு இந்த நிபந்தனை எதுவுமே செய்வதில்லை. அவற்றைக் கொல்வது ஓவர்லேப்: துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஓரிரு எலிமெண்ட் அடுக்கு ஏற்றி வைத்தால் அந்த இடைவெளியில் அவை தேய்ந்துபோகும். பரவும் அலைக்கு இம்பீடன்ஸ், தேயும் அலைக்கு ஓவர்லேப். இரண்டும் சேர்ந்ததுதான் ஓராஸ் என்று இந்த வட்டாரத்தில் அழைக்கப்படும் ப்ரீகண்டிஷனர். மெடிமாக்ஸ் பயன்படுத்தியதும் அதுவே.

ஓராஸில் துண்டின் மேட்ரிக்ஸை முழு மேட்ரிக்ஸிலிருந்து வெட்டி எடுக்க முடியாது. செயற்கை எல்லையில் கூடுதல் தொகையீடு சேர்த்து, துண்டு மெஷ்ஷில் தனியாகவே கட்ட வேண்டும். துண்டு போடுவதற்கென்று ஃப்ரீஃபெம்மில் இருக்கும் எஃப்எஃப்டிடிஎம் தொகுப்பில் இதற்காக இரண்டு மாறுபாட்டு வடிவங்களை எழுதித் தருகிறோம்: ஒன்று முழுச் செயலிக்கு (தீர்க்க வேண்டிய மூல மேட்ரிக்ஸுக்கு), மற்றது ப்ரீகண்டிஷனருக்கு. செயற்கை எல்லைக்கென்று தனி லேபிள் உண்டு. உங்கள் சிஏடி மாடலில் ஏதாவது ஒரு சுவர் தற்செயலாக அதே லேபிள் எண்ணை வாங்கியிருந்தால், உலோகச் சுவரில் இம்பீடன்ஸ் ஏறிவிடும். விடை தவறாது, ஏனென்றால் முழுச் செயலி சரியாகவே இருக்கிறது. சுற்றுகள் மட்டும் காரணமில்லாமல் கூடும். அதனாலேயே இந்தப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

இழப்பு தந்த சலுகை

ஓராஸ் ஒரு சுற்றில் அண்டைத் துண்டோடு மட்டுமே பேசும். வரிசையாக 16 துண்டு இருந்தால் ஒரு முனைச் செய்தி மறுமுனைக்குப் போக 15 சுற்றாவது வேண்டும். துண்டுகளைக் கூட்டக் கூட்டச் சுற்றுகளும் கூடும் என்பது பொது விதி. இந்த ஜெல்லிலோ ஒரு அலைநீள அகலமுள்ள துண்டைக் கடப்பதற்குள் பிழையலையும் கால்வாசியாகிவிடுகிறது. தூரத்துத் துண்டுக்குத் தகவல் போக வேண்டிய தேவையே குறைவு. அண்டைத் துண்டோடு மட்டும் பேசும் இந்த ஒற்றை அடுக்கு முறை இங்கே போதுமானதாக இருப்பதற்கு மென்பொருளின் சாமர்த்தியத்தைவிட ஜெல்லின் அந்த 20i-தான் பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு. இந்த வெற்றியைப் பார்த்துவிட்டு அதே நிரலைக் காற்று நிரம்பிய உலோகக் குழிக்கு எடுத்துப் போனால் ஏமாற்றம் காத்திருக்கும்.

அப்படிப்பட்ட இழப்பில்லாத கணக்குகளுக்கு இரண்டாம் அடுக்கு வேண்டும்: பரும்படியான ஒரு மெஷ்ஷில் முழுக் களத்தையும் ஒருசேரத் தீர்த்து, தூரத்துத் தகவலை ஒரே தாவலில் கொண்டுசேர்ப்பது. பரும்படி மெஷ்ஷும் அலையைத் தாங்கியாக வேண்டும். அலைநீளத்துக்கு இரண்டு புள்ளி வைத்தால் உதவிக்குப் பதில் உபத்திரவமே. ஐந்து புள்ளி வைத்தால் பத்துப் புள்ளி மெஷ்ஷின் எட்டில் ஒரு பங்கு மாறிகள், அதுவே பெரிய கணக்கு. ஆகவே ப்ரீகண்டிஷனருக்குள் மட்டும் செயற்கை இழப்பைச் சேர்த்து, பரும்படிக் கணக்கையும் ஓராஸ் கொண்டு அரைகுறையாகத் தீர்க்கிறார்கள். அப்போது உள்ளே ஒரு ஜிஎம்ரெஸ், வெளியே ஒரு ஜிஎம்ரெஸ். ப்ரீகண்டிஷனர் சுற்றுக்குச் சுற்று மாறுவதால் வெளியே இருப்பது நெகிழ்வு வகை ஜிஎம்ரெஸ்ஸாக இருந்தே தீர வேண்டும். சாதாரண வகையை விட்டுவைத்தால், எச்சம் (சமன்பாட்டில் இன்னும் தீராமல் நிற்கும் பிழை) குறைந்துவிட்டது என்று திரை சொல்லும். உண்மையான எச்சத்தைத் தனியே கணக்கிட்டால் இரண்டு மூன்று இலக்கம் மேலே நிற்கும்.

4,096 கோர்களை எப்படிப் பங்கிடுவது?

பாரிஸுக்கு அருகில் சிஇஏ வளாகத்தில் இருந்த க்யூரி மீக்கணினியில் இந்தக் கணக்கு ஓடியது. 4,096 கோர் (கணிப்பு அலகு) கிடைத்ததே என்று உருளையை 4,096 துண்டாக்கினால் என்ன ஆகும்? துண்டுக்கு 0.05 கன அலைநீளம், பக்கம் 1.6 செ.மீ., குறுக்கே நாலு எலிமெண்ட்கூட இல்லை. சுற்றிலும் ஒரு அடுக்கு ஓவர்லேப் சேர்த்தால் துண்டு மூன்றரை மடங்குக்கு மேல் வீங்கும். உழைப்பில் பெரும்பகுதி ஒரே எலிமெண்டைத் திரும்பத் திரும்பத் தீர்ப்பதில் போய்விடும்.

வலப்பக்கங்கள் ஒன்றையொன்று சாராதவை என்பதுதான் இங்கே கை கொடுக்கிறது. உதாரணமாக 128 துண்டுகள், 32 குழுக்கள். குழுவுக்கு 5 ஆண்டெனா. 128 × 32 = 4,096; 32 × 5 = 160. துண்டின் பக்கம் ஒரு அலைநீளத்துக்குச் சற்று மேல், ஓவர்லேப் வீக்கம் 1.6 மடங்கு. 32 குழுக்களும் ஒரே காரணிப்படுத்தலைத் தனித்தனியாகச் செய்வது வீண்தான். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதால் கடிகாரத்தில் தெரியாது. குழுவுக்குள் இருக்கும் ஐந்தையும் ஹெச்பிடிடிஎம்மின் பிளாக் முறையில் சேர்த்தே தீர்க்க வேண்டும். மம்ப்ஸின் முன்பின் பதிலீடு ஒரு திசையனுக்கு நினைவக வேகத்தில் முடங்கும். ஐந்தைச் சேர்த்துக் கொடுத்தால் ஒரே வாசிப்பில் ஐந்து வேலை.

நினைவகத்தையும் முன்கூட்டியே எண்ணிவிடுங்கள். 1.1 கோடி மாறிகள், சிக்கலெண்ணுக்கு 16 பைட்: ஜிஎம்ரெஸ் சுற்றுக்கு ஒன்றாகச் சேர்த்துவைக்கும் ஒரு கிரைலோவ் திசையன் சுமார் 180 எம்பி. 160 வலப்பக்கம், 40 சுற்று என்றால் ஓவர்லேப் சேராமலே 1.1 டிபிக்கு மேல், கோருக்கு 280 எம்பி. காரணிகள் இதற்கு மேல் தனி.

தலைகீழ்க் கணக்கில் ஊகத்தை எந்தப் பக்கம் திருத்துவது என்று காட்டும் சாய்வைப் பெற இன்னொரு 160 தீர்வு, துணைச் சமன்பாட்டில். மேட்ரிக்ஸ் சமச்சீரானது என்பதால் அதே காரணிகள் இதற்கும் பயன்படும். தலைகீழ்க் கணக்கின் அடுத்த சுற்றில் மேட்ரிக்ஸின் எண்கள் மாறினாலும் பூஜ்யங்கள் இருக்கும் இடம் மாறாது. மம்ப்ஸின் பகுப்பாய்வுக் கட்டத்தை ஒரு முறை மட்டும் ஓட்டினால் போதும்.

இன்னொரு சிக்கனமும் செய்தார்கள். எதிர்ப் பக்க ஆண்டெனாவில் வந்து சேர்வது 6,500-இல் ஒரு பங்கு என்பதால், தொலைவான வளையங்கள் சொல்லும் தகவல் சொற்பம். ஆகவே முழுத் தலையையும் ஒருசேர எடுக்காமல், வளையம் வளையமாக, அண்டை வளையங்களின் அளவீட்டை மட்டும் சேர்த்து அடுக்கு அடுக்காகப் படமாக்கினார்கள். கணினித் தலை மாடலிலிருந்து உருவாக்கி, 10 சதவீத இரைச்சல் கலந்த அளவீடுகளைக் கொண்டு, ஓர் அடுக்கின் படம் 4,096 கோர்களில் 94 விநாடியில் வந்தது. நோயாளியிடம் எடுத்த அளவீடு அல்ல என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எங்கே உடையும்?

குறி மரபு. 44 − 20i என்று எழுதுபவர் காலத்தை ஒரு குறியோடு எடுத்திருக்கிறார். எதிர் மரபில் அதே ஜெல் 44 + 20i. இரண்டு நூல்களிலிருந்து சூத்திரம் எடுத்துக் கலந்தால் ஜெல் இழப்புக்குப் பதில் பெருக்கியாகிவிடும்: உருளையைக் கடந்த அலை 6,500 மடங்கு வளர்ந்திருக்கும். ஜெல்லில் சரியாக எழுதி, துண்டு எல்லையில் மட்டும் குறி மாறினாலும் கெட்டது. திரும்பும் பங்குக்கான அந்தச் சூத்திரம் தலைகீழாகி, நேர்குத்து அலைக்கு முடிவிலியைத் தரும். ஜிஎம்ரெஸ் முதல் பத்துச் சுற்றில் அசையாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது குறியைத்தான்.

நிறுத்தும் வரம்பு. எச்சம் ஆயிரத்தில் ஒன்றானதும் நிறுத்தினால் தூர ஆண்டெனாவின் சமிக்ஞை, அதாவது 6,500-இல் ஒன்று, தீர்வின் பிழைக்குள் மூழ்கிவிடும். பத்து லட்சத்தில் ஒன்று வரை போவது பாதுகாப்பு.

விளிம்பின் திசை. நெடெலெக் மாறி ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு திசையோடு வருகிறது. துண்டு மெஷ்ஷில் முனைகளுக்கு எண் மாற்றிப் போடும்போது இரண்டு துண்டுகள் ஒரே விளிம்பை எதிரெதிர் திசையில் பார்க்கலாம். சொந்தமாக நிரல் எழுதுபவர்களுக்கு இதற்கு ஒரு ஐந்து நிமிடச் சோதனை: மாறாத திசையன் ஒன்றை எல்லாத் துண்டிலும் இடைச்செருகி, பங்கீட்டு எடையோடு (ஓவர்லேப்பில் ஒரே மாறிக்கு ஒவ்வொரு துண்டும் தரும் பங்கு) கூட்டி, திரும்ப அதே திசையன் வருகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் பூஜ்யம் வந்தால் திசை மோதுகிறது. இரண்டு மடங்கு வந்தால் எடைகளின் கூட்டு ஒன்றாக இல்லை. விளிம்பு எலிமெண்டுக்கு எடையை முனைகளில் வரையறுக்கக் கூடாது, மாறி இருக்கும் இடத்திலேயே வரையறுக்க வேண்டும். எஃப்எஃப்டிடிஎம்மில் இதற்கென்றே எட்ஜ் என்று முடியும் தனி மேக்ரோ உண்டு.

கடைசியாக இரண்டு சோதனைகள், எந்த மென்பொருளானாலும். துண்டு எண்ணிக்கையை மாற்றி ஓட்டுங்கள்: சுற்றுகள் மாறலாம், விடை வரம்புக்குள் மாறவே கூடாது. பிறகு 160-க்கு 160 அட்டவணையை மூலைவிட்டத்தில் மடித்துப் பாருங்கள்: 7ஆம் ஆண்டெனா அனுப்பி 52 வாங்கியதும், 52 அனுப்பி 7 வாங்கியதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எதை நிறுவுவது?

ஃப்ரீஃபெம் எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. எஃப்எஃப்டிடிஎம் அதோடேயே வரும். சமன்பாட்டை ஏறக்குறையக் காகிதத்தில் எழுதுவது போலவே எழுதலாம், ஓவர்லேப் உள்ள முறைகளுக்கு இதுவே வசதி. ஓவர்லேப் இல்லாமல், எல்லை நிபந்தனையையே கூர்மையாக்கிப் பார்க்க விரும்புவோருக்குப் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த, மெஷ் போடும் ஜிமெஷ், சமன்பாடு தீர்க்கும் கெட்டிபி இணையும், அவற்றின்மேல் 2016இல் விவரிக்கப்பட்ட கெட்டிடிஎம்மும் பொருத்தம். உரசிச் செல்லும் அலைக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் உயர்படி நிபந்தனைகள் அதில் ஆயத்தமாக இருக்கின்றன. ஏற்கெனவே பெட்ஸி என்ற எண்கணக்கு நூலகத்தில் நிரல் வைத்திருப்பவர்கள் ஹெச்பிடிடிஎம்மை அங்கேயே ப்ரீகண்டிஷனராக இணைத்துக்கொள்ளலாம். ஓராஸ் வேண்டுமென்றால் துண்டு மேட்ரிக்ஸ்களை அவர்களே கட்டித் தர வேண்டியிருக்கும்.